வெட்டாமல் விட்ட துணி

என் நோயை முதலில் அளந்தவர், மேற்கு மாம்பலத்தில் பத்தாண்டுகளாக எனக்கு ரவிக்கை தைத்துத் தரும் செல்வம் அண்ணன்.

நான் பருமனானவள். அம்மா கொஞ்சும்போதே "குண்டம்மா" என்பார். திருமண வீடுகளில் சித்தி முதலில் என் இலையைப் பார்ப்பார், பிறகு என்னை. "ரெண்டாவது வடையா? நல்லதுக்குத்தான்டி சொல்றேன்." அன்பில்லாமல் சொன்னார் என்று கூறமாட்டேன். ஆனாலும் பல பந்திகளிலிருந்து அரைவயிற்றோடு எழுந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு, இரண்டே மாதங்களில் மெலிந்தேன். சித்தி கட்டிக்கொண்டு, "என்னடி டயட்டு? எனக்கும் சொல்லேன்" என்றார். அம்மா, வரன் பார்க்கப் புதிய புகைப்படம் எடுக்கச் சொன்னார். எனக்கோ அடங்காத தாகம். படியேறினால் கால்கள் நடுங்கின. எதையும் நான் வெளியே சொல்லவில்லை. சொன்னால், வாழ்வில் முதன்முறையாகக் கிடைத்த பாராட்டு நின்றுவிடுமோ என்ற அச்சம். என்னைப் போன்ற ஒருவர் இதைப் படித்தால், இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டுகிறேன்.

மூன்றாவது முறையாக ரவிக்கைகளைப் பிடித்துச் சிறிதாக்கக் கொடுத்தபோது, செல்வம் அண்ணன் அளவு நோட்டைப் புரட்டினார்.

"இன்னாம்மா இது? ரெண்டு தபா புடிச்சாச்சு. மறுபடி தோள்லேர்ந்து நழுவுதுன்றே."

"டயட்டுண்ணா."

"டயட்டு பண்றவங்களுக்கும் நான்தான் தைக்கிறேன். அரை இஞ்ச் கொறைஞ்சா ஸ்வீட்டு வாங்கினு வருவாங்க. நீ வந்து உக்காந்ததும் ஒரு பாட்டில் தண்ணி காலி. மூஞ்சே சரியில்ல. மொதல்ல டாக்டராண்ட போ, அப்பால தைக்கலாம்."

ரவிக்கைகளை மடித்து என் பையிலேயே வைத்துவிட்டார்.

அன்றிரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, மறுநாள் காலையே அவருடன் மருத்துவமனைக்குச் சென்றேன். இரத்தத்தில் கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் சேரும் அமிலம்) மிகுந்திருந்தது. முதல் வகை நீரிழிவு (உடலின் எதிர்ப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பது) என்றார் மருத்துவர். என் எடையைக் குறித்துக்கொண்டு, "எத்தனை நாள்ல குறைஞ்சுது?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அம்மா செல்வம் அண்ணனை அழைத்தார். அவர் நோட்டிலிருந்து தேதிவாரியாக வாசித்தார், மருத்துவர் எழுதிக்கொண்டார்.

"இன்னும் சில நாள் விட்டிருந்தா மயக்கத்துலதான் வந்திருப்பீங்க" என்றார். அம்மா என் கையை விடவே இல்லை.

வீடு திரும்பியபின், வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து ஊசி போட அம்மாதான் பழகிக்கொண்டார். ஒருநாள் பிடித்த சதையை விடாமல், "இதைப் போய் எத்தனை வருஷம் கரிச்சுக் கொட்டினேன்" என்றார்.

"இது இல்லன்னா ஊசியை எங்கம்மா போடுவே?" என்றேன். சிரித்தார், கண் கலங்கியிருந்தது.

சித்தி இப்போது தொலைபேசியில் கேட்கிறார்: "சாப்டியா? ஊசி போட்டியா?" பதில் வரும்வரை காத்திருக்கிறார். பழைய அறிவுரைகளில் நான் தேடியது அந்தக் காத்திருப்பைத்தான்.

சில மாதங்களில் எடை திரும்பியது. அதே ரவிக்கைகளோடு கடைக்குப் போனேன். செல்வம் அண்ணன் முன்பு பிடித்த தையல்களைப் பிரித்தார். உள்ளே துணி முழுதாக மடிந்து கிடந்தது.

"வெட்டலியாண்ணா?"

"ஒடம்புன்னா ஏறும், எறங்கும். அதுக்குப் போயி துணிய வெட்டுவாங்களா?"

அளவு நோட்டில் என் பழைய எண்கள் எதையும் அவர் அடிக்கவில்லை. அவற்றின் கீழே அன்றைய தேதியை எழுதி, நாடாவை எடுத்தார். நான் வயிற்றை உள்ளிழுக்காமல் நின்றேன்.