துருத்துப் பம்பும் என் ஈயச் சீலும்

காயலுக்கு நடுவில் இருந்த அந்தத் துருத்தின் தீயணைப்புப் படைக்கு யாராவது வரலாறு எழுதுவதென்றால் என்னைத்தான் கேட்க வேண்டும். ஏனென்றால் அதைக் கெடுத்தவன் நான். கெடுத்தவனுக்குத்தான் எல்லா விவரமும் சரியாக நினைவிருக்கும்.

துருத்து என்றால் எங்கள் பக்கத்தில் சின்னத் தீவு. எழுபதுகளில் நான் திருவனந்தபுரத்தில் ஒரு தீயணைப்பு நிலையத்தில் மெக்கானிக். அப்பா திருநெல்வேலியிலிருந்து பழவங்காடிக்குக் கடை வேலைக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்து, வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும், கோபம் வந்தால் இரண்டையும் கலந்தும் பேசி வளர்ந்தவன். கோபம் எனக்கு அடிக்கடி வரும். இந்தக் கதைக்கு அது ரொம்ப முக்கியம்.

கழக்கூட்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மணலில் ஒரு மைல் நடந்து, கடவில் நின்று கூவினால் தோணி வரும். துருத்தில் அறுபது வீடுகள் இருக்கலாம். எல்லாம் ஓலைக்கூரை. வாசலுக்கு வாசல் தேங்காய் நாரும் கயிறும் காய்ந்துகொண்டிருக்கும். சித்திரை வெயிலில் ஒரு பீடித்துண்டு போதும். சுற்றிலும் தண்ணீர் இருக்கிற ஊருக்குத் தீயணைப்பு எதற்கு என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. தண்ணீர் காயலில் கிடக்கிறது, நெருப்பு கூரை மேல் இருக்கிறது, நடுவில் நீ தூக்கிக்கொண்டு ஓடுவாயா என்று நான் திருப்பிக் கேட்பேன். பாலம் கிடையாது. எங்கள் வண்டி கடவு வரைக்கும் வந்து, மணி அடித்து, வேடிக்கை பார்க்கலாம்.

அறுபதுகளில் ஒரு கோடையில் அங்கே ஒரு வரிசை வீடு எரிந்துபோனதாம். அதன்பிறகு ஊர்க்காரர்கள் விடாமல் மனு எழுதி, எங்கள் நிலையத்தின் பழைய கைப்பம்பு ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்கள். பித்தளை உருளை இரண்டு, அவற்றை இயக்க இரண்டு பக்கமும் நீண்ட மரப்பிடிகள். பக்கத்துக்கு நான்கு பேர் நின்று மாறி மாறி அழுத்தினால் காயல் தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பாயும். இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் பம்பை ஏற்றினார்கள். நடுக்காயலில் தோணிகள் பாதி முழுகி, பம்பு காப்பாற்ற வேண்டியதா அல்லது காப்பாற்றப்பட வேண்டியதா என்று ஒரு சர்ச்சையே நடந்ததாகச் சொல்வார்கள்.

படையில் பன்னிரண்டு பேர். ஹெல்மெட் இரண்டு. ஒன்று கேப்டனுக்கு, மற்றது முதலில் வந்து சேர்கிறவனுக்கு. கேப்டன்தான் கடவில் தோணி விடுகிறவர். கொஞ்சகாலம் தூத்துக்குடியில் தோணி வேலை பார்த்தவர் என்பதால் என்னிடம் தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஏதோ ஒன்று பேசுவார். நல்ல மனிதர். அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்.

வருஷத்துக்கு ஒருமுறை நான் போய்ப் பம்பைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். ஒரு வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். போனால், கோயில் குளக்கரையில் திருவிழாக் கூட்டம். என் பம்பு குளத்து நீரை வாரி இறைத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வடிந்த சேற்றில் ஆண்களும் பெண்களும் கரிமீனைக் கூடை கூடையாக அள்ளுகிறார்கள். பம்படிக்கிறவர்களுக்குத் தாளம்போட்டுப் பாட்டு வேறு. கேப்டன் ஹெல்மெட்டில் மீன் வைத்திருந்தார்.

எனக்கு வந்ததே கோபம். விசாரித்தால் இது மட்டும் இல்லையாம். கல்யாண வீட்டு வாசலில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிப்பது, தோணி கழுவுவது, தேங்காய் மட்டை ஊறப்போடும் குழியை நிரப்புவது எல்லாவற்றுக்கும் இந்தப் பம்புதானாம். ஒரு வாரம்கூடச் சும்மா கிடந்ததில்லையாம். இதைப் பெருமையாக வேறு சொன்னார்கள். நிலையத்தில் என் மேலதிகாரி ஏற்கெனவே, அந்தப் பம்பைப் பற்றி ஒரு புகார் வந்தாலும் திரும்பக் கொண்டுவந்து குடோனில் போட்டுவிடு, படையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவர்களுக்கு நல்லது செய்கிறேன் பேர்வழி என்று நான் பம்பைத் துடைத்து, கொட்டகைக்குள் தள்ளி, பிடிகளைக் கம்பியால் கட்டி, ஈயச் சீல் வைத்தேன்.

"இது அரசாங்கச் சொத்து. தீ பிடிச்சா மட்டும்தான் தொடணும். அனுமதி இல்லாம சீலைத் தொட்டா கேஸ் ஆயிடும்," என்றேன்.

கேஸெல்லாம் ஆகாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கேப்டன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "செரி சாரே," என்றார். எனக்குக் கொடுத்தனுப்பிய கரிமீனை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. அதையும் எழுதிவிட வேண்டியதுதானே.

அடுத்த சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் கேப்டன் நிலையத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கை முழுக்கக் கொப்புளம். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் மேஜைமேல் வைத்தார். கம்பியோடு சேர்ந்த என் ஈயச் சீல்.

"சாரே, இன்னலெ சீல் உடைச்சு. அனுவாதம் வாங்கான் நேரம் கிட்டியில்ல. க்ஷமிக்கணும்," என்றார்.

நேற்று துருத்தில் தீ. அனுமதி வாங்க நேரமில்லாமல் சீலை உடைத்துவிட்டார்களாம். அதற்கு மன்னிப்புக் கேட்கப் பஸ் ஏறி வந்திருக்கிறார். தீ அணைந்ததா என்று கேட்டேன். குடத்தில் மொண்டு ஊற்றியும் பக்கத்துக் கூரைகளைப் பிடுங்கிப் போட்டும் பரவாமல் நிறுத்தினார்களாம். ஆளுக்குச் சேதமில்லை. கயிறு திரிக்கும் ஒரு பெண்ணின் வீடு மட்டும் போய்விட்டது. பம்பு என்ன ஆயிற்று என்றேன். எட்டுப் பேர் நின்று உயிர் போக அடித்தார்களாம். காற்றுதான் வந்ததாம்.

அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. பம்பின் உருளைக்குள் தண்ணீரை இழுப்பது தோல் வாஷர். அது நனைந்துகொண்டே இருக்க வேண்டும். காய்ந்தால் சுருங்கி, விறைத்து, வெடித்துப்போகும். எங்கள் வீட்டு அடிபம்புக்கே நான்கு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால்தான் உயிர் வரும். இது எனக்குத் தெரியாதா? தொழிலே அதுதான். குளத்தைப் பார்த்த கோபத்தில் மறந்துபோனேன். அவர்கள் மீன் பிடித்தும் தோணி கழுவியும் அந்தத் தோலை வாராவாரம் நனைத்து வைத்திருந்தார்கள். நான் போய்ப் பூட்டிக் காயவைத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கே கேப்டனோடு போய், ஊரே சுற்றி நிற்க, உருளையைத் திறந்தேன். வாஷர் பொரித்த அப்பளம் மாதிரி கையில் உடைந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கத்தியாவது இருப்பேன். வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்ததும் மேலதிகாரி அறிக்கை கேட்டார். வழியும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

"ஊர்க்காரங்க சரியாப் பராமரிக்கலேன்னு எழுதிடும் ஓய். பம்பைத் தூக்கிட்டு வந்துடலாம். உமக்கும் தலைவலி இல்ல, எனக்கும் இல்ல."

"நான் சீல் வச்சதுதான் சார் காரணம். அப்படித்தான் எழுதுவேன்."

"உமக்கு என்ன பைத்தியமா? சர்வீஸ் புக்கில ஏறிடும்."

ஏறட்டும் என்றேன். வீரமெல்லாம் இல்லை. பம்பு போய்விட்டால் அடுத்த கோடைக்கு அறுபது கூரைக்கும் பன்னிரண்டு குடம்தான் மிஞ்சும், அதுவும் என்னால். ராத்தூக்கம் வேண்டுமே. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தோல் என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று, இனி வாரம் ஒருமுறை எந்த வேலைக்காவது பம்பை ஓட்டியே தீர வேண்டும் என்று பத்தி பத்தியாக. எனக்குக் கண்டனம் வந்தது, குடோனுக்கு மாற்றல் வந்தது. பம்பு துருத்திலேயே இருக்கட்டும் என்றும் வந்தது. உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை. உத்தரவு நகலையும் புதுத் தோலையும் எடுத்துக்கொண்டு தோணியேறினேன்.

வாஷரை மாற்றி, எல்லோரும் பம்படித்து, தண்ணீர் தென்னைக்கு மேலே பாய்ந்தது. கேப்டன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு வீடு எரிந்த பெண்ணைப் பார்க்கப் போனேன். நாற்பது வயது இருக்கும், புருஷன் இல்லை. எரிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நாலு ஓலையைச் சாய்த்து அதன் கீழே உட்கார்ந்து வெறுங்கையால் நார் திரித்துக்கொண்டிருந்தாள். தப்பு என்னுடையது சேச்சி, அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். பெருந்தன்மையாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"வாசிக்கு சாரே," என்றாள்.

அறிக்கையின் நகல் பையில் இருந்தது. வாசித்துக்காட்டினேன். ஒன்றரைப் பக்கத்தையும் கை ஓயாமல் கேட்டாள்.

"இதுல என்றெ வீடு எவிடெ?"

தேடினேன். முதல் பத்தியில் இருந்தது. 'ஓலைவீடு ஒன்று, சேதம்.' அவ்வளவுதான். பம்பின் தோலுக்கு ஒரு பக்கம் எழுதியவன் அவள் வீட்டுக்கு மூன்று சொல் எழுதியிருந்தேன். என் தப்பை எழுதும்போதுகூட நான் என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

"எழுது. ஞான் சொல்லாம்," என்றாள்.

மணலில் உட்கார்ந்து நகலின் பின்பக்கத்தில் எழுதினேன். கயிறு திரிக்கும் ராட்டு இரண்டு. மூன்று மாதக் கயிறு, விற்காதது. கட்டில். பாய். ரேஷன் கார்டு. செம்புப் பானை, பாதி உருகியது. குடை. அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தேன். முடிந்ததா என்று கேட்டேன். நார் திரிப்பதை நிறுத்தினாள்.

"ஒரு போட்டோ. கல்யாணத்தன்னைக்கு எடுத்தது. புள்ளிக்காரன்றெ வேற போட்டோ இல்ல."

புருஷனுக்கு இருந்த ஒரே போட்டோவாம். போட்டோ ஒன்று என்று எழுதினேன். அந்தப் பட்டியலை அறிக்கையோடு சேர்க்கச் சொல்லி அனுப்பினேன். ராட்டுக்கும் கயிற்றுக்கும் ஏதோ உதவி வந்தது. போட்டோ என்ற வரியை மட்டும் மேலதிகாரி சிவப்பு மையால் அடித்து, இதெல்லாம் எதற்கு என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். நான் முழுப் பட்டியலையும் புதுத்தாளில் மறுபடி எழுதினேன், போட்டோவை முதலில் போட்டு.