யார் கழுத்துப் பொன்

புனேவில், ஹடப்சரில் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வரும்போது, பின்னால் பைக்கில் வந்த இருவர் என் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்து எரிந்தது. கையிலிருந்த காய்ப்பையை மட்டும் நான் விடவில்லை. எதைக் காப்பாற்றுகிறோம் என்றே தெரியாமல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

கணவர் அலுவலகத்திலிருந்து வந்து என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போனார். புகாரை எழுதிய காவலர், மங்கள்சூத்ராவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கறுப்பு மணி எத்தனை வரிசை என்றார். எங்கள் தாலியில் கறுப்பு மணி கிடையாது என்றதும், அப்படியானால் வெறும் செயின்தானே என்று அப்படியே எழுதிக்கொண்டார். எடையை இங்கத்து அளவான தோலாவில் கேட்டார். எனக்குப் பவுனில்தான் தெரியும். பவுன் என்ற, என்றைக்கோ போய்விட்ட வெள்ளைக்கார ராஜாவின் நாணயத்தை வைத்துத்தான் எங்கள் கழுத்தை இன்னும் அளக்கிறோம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. கல்யாணப் போட்டோவைக் காட்டினோம். அதில் தாலியை மாலை மறைத்திருந்தது.

மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டேன். அந்த வாரம் தசரா. எதிர்வீட்டு மராத்தி அம்மாள் வந்து, ஆப்டா மரத்து இலைகளை என் கையில் வைத்து, "சோன க்யா" என்றார். தங்கம் எடுத்துக்கொள் என்று அர்த்தம். தசராவன்று இங்கே அந்த இலைதான் தங்கம்; வருஷா வருஷம் வாங்கிக்கொள்கிறவள்தான் நான். அன்று அவர் கண் என் கழுத்துவரை போய்த் திரும்பியது. வழக்கத்துக்குக் கொடுக்கிறாரா, ஆறுதலாகக் கொடுக்கிறாரா என்று புரியாமல், சிரிப்பதா அழுவதா என்றும் தெரியாமல், உள்ளே போய் அவருக்குச் சுண்டல் எடுத்து வந்தேன்.

சில மாதங்கள் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். திருடர்கள் அகப்பட்டுவிட்டார்கள். ஆனால் அவர்களிடம் நகைகளை வாங்கியவன் எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கிவிட்டிருந்தான். நானும் என்னைப்போலவே பறிகொடுத்த பெண்களும் அங்கே உட்கார்ந்திருந்தோம். எதிரே மேஜைமேல் ஒரே ஒரு தங்கக் கட்டி. கோர்ட் உத்தரவுப்படி அதை வெட்டி, எடைக்கு எடை பிரித்துக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்த துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

பக்கத்தில் இருந்தவள் பூ விற்கிற பெண். "என்ன தேடுறீங்க தீதி? எது யாரோடதுன்னு உருக்கினவனுக்கே தெரியாது" என்று இந்தியில் சொன்னாள். தன் துண்டைக் கண்ணில் ஒற்றி, புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய்விட்டாள். அவளுக்கு இருந்த தெளிவு எனக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் திருநெல்வேலிக்கு, அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அந்தத் தங்கத்தக் கழுத்துல ஏத்தாத, கேட்டியா? எவ வயித்தெரிச்சல் இருக்கோ அதுல. கோயில் உண்டியல்ல போட்டுரு" என்றாள்.

கணவருக்கு இது விளங்கவில்லை. உன் அம்மா போட்ட சங்கிலி மட்டும் எங்கிருந்து வந்தது, அதுவும் ஏதோ பழைய நகையை அழித்துச் செய்ததுதானே என்றார். அதுவும் உண்மைதான். அதற்கு முன்னால் அது யாருடைய வளையலாக இருந்ததோ, எந்த அரண்மனையிலிருந்தோ கோயிலிலிருந்தோ யார் வாரிக்கொண்டு போனதோ. இந்த நாட்டில் ஒருவர் கை மட்டுமே பட்ட பொன் என்று ஒன்று உண்டா? அப்படி யோசித்தால் அம்மா சொன்னதும் சரியாகத்தான் பட்டது. இரண்டு பேர் பேச்சும் சரியாக இருந்தால் நான் என்னதான் செய்வது?

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு கேம்ப் பகுதியில் ஒரு தட்டாரிடம் போனோம். எங்கள் தாலியை வரைந்து காட்டச் சொன்னார். நடுவில் லிங்கம் என்று தொடங்கினேன். இரண்டு பக்கமும் குண்டுகள். அவை ஒவ்வொரு பக்கமும் ஒன்றா இரண்டா, லிங்கத்துக்கு மேலே பிறை இருந்ததா இல்லையா? இத்தனை வருஷம் குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழுத்தில் கிடந்ததை என்னால் வரைய முடியவில்லை. கணவரைப் பார்த்தேன். கட்டியவரே அவர்தான், அவருக்கும் தெரியவில்லை. தோன்றியதை வரைந்து கொடுத்தேன். அதன்படி செய்து தந்தார். நல்ல நாள் பார்த்துக் கணவரே மறுபடி கட்டினார்.

அம்மாவிடம் மறைக்கவில்லை, போனிலேயே சொல்லிவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். கோடை விடுமுறையில் புனேவுக்கு வந்தபோது, வந்த அன்றே என்னை ஜன்னல் பக்கம் நிறுத்தி, தாலியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இது நம் வீட்டுத் தாலி மாதிரியே இல்லை என்றாள். எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். அவளுக்கும் சொல்ல வரவில்லை. பிறகு குங்குமத்தைத் தொட்டு அதில் வைத்தாள்.

"எவ தாலியோ. நல்லா இருக்கட்டும்."

வாழ்த்தியது என்னையா, முகம் தெரியாத வேறு ஒருத்தியையா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் காபி டிகாஷன் இறங்கிவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டாள்.