தண்ணீர்ப் பக்கத்து விசில்

எங்கள் பெண்கள் கல்லூரியில் மலையேற்றச் சங்கம் என்று ஒன்று இருந்தது. சுற்றுவட்டாரத்தில் மலை என்று சொல்ல எதுவும் கிடையாது. ஏரிக்கரை, ஆற்றுமணல், கரும்புக்கொல்லை வரப்பு, இவைதான் நாங்கள் ஏறி இறங்கிய உயரங்கள். சங்கத்தை ஆரம்பித்தவர் எங்கள் விளையாட்டு ஆசிரியை. திருமணமாகாதவர், உரத்த குரல், நீள எட்டு வைத்து நடப்பவர். எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். பெண்பிள்ளைகள் மூட்டை தூக்கிக்கொண்டு நடப்பதா என்று கேட்ட பெற்றோர்களை எல்லாம் வீடு வீடாகப் போய்ப் பார்த்துச் சம்மதிக்க வைத்தவர் அவர்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. எங்களுக்கு வில்லியனூரில் மளிகைக்கடை. பாகூரில் இராத் தங்கப் போகிறோம் என்றதும் அப்பா முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். பாகூரில் நெல் மில் வைத்திருந்த என் பெரியப்பாவின் களத்திலேயே கூடாரம் போடுகிறோம் என்று மிஸ் வந்து சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார்.

என்னோடு எப்போதும் ஒட்டிக்கொண்டிருந்த தோழி மண்ணாடிப்பட்டுப் பக்கம். கரும்பு போடுகிற குடும்பம். தினமும் ஒரே டவுன் பஸ்ஸில் கல்லூரிக்கு வருவோம். அவள் முன்னாலேயே ஏறி எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். எதற்கும் பதறாதவள். பரீட்சை மணி அடித்த பிறகுகூட நிதானமாகப் பேனாவுக்கு மை ஊற்றுவாள்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை பாகூர் போய்ச் சேர்ந்தோம். என்.சி.சி.யிலிருந்து இரவல் வாங்கிய கூடாரங்களைக் களத்தில் அடித்தோம். அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கரையேறிப் பார்த்தபோது ஏரியின் நடுவில்தான் தண்ணீர் இருந்தது. சுற்றிலும் வெளுத்துப்போன தரை, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எங்கும் ஒரு கொக்கு இல்லை. வழக்கமாக இந்த நேரத்தில் கத்தல் தாங்காது என்று மில்லில் யாரோ சொன்னார்கள்.

மறுநாள் ஏரியைச் சுற்றிக்கொண்டு, கொல்லைகள் வழியாக மடுகரை வரை நடந்து பஸ் பிடிப்பது திட்டம். மிஸ் எங்களை உட்கார வைத்து விசில் பழக்கினார். முன்னால் போகிறவர் நீளமாக ஒன்று ஊதினால், வாருங்கள் என்று அர்த்தம். கடைசியில் வருகிறவர் குட்டையாக இரண்டு ஊதினால், வந்துகொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். முன் விசில் மிஸ்ஸிடம். பின் விசிலை என் கழுத்தில் மாட்டினார்.

விடிகாலையில் கூடாரத் துணியை விலக்கினால் வெளியே ஒன்றுமே இல்லை. மில் இல்லை, களம் இல்லை, பக்கத்துக் கூடாரம்கூட இல்லை. அப்படி ஒரு பனி. வெயில் வந்தால் கலைந்துவிடும் என்று மிஸ் கிளப்பிவிட்டார். கரைமேல் முட்புதர் மண்டியிருந்ததால், கரையை ஒட்டி உள்பக்கமாக, ஏரியின் காய்ந்த தரையிலேயே நடந்தோம். முன்னால் போகிறவளின் முதுகு மட்டும் சாம்பலாகத் தெரியும். பேசினால் குரல் பஞ்சுக்குள் போவதுபோல அமுங்கிப் போனது. கொஞ்ச நேரத்தில் யாரும் பேசவில்லை.

என் தோழியின் கேன்வாஸ் ஷூ அடி பிளந்துகொண்டது. குனிந்து கயிற்றால் கட்டினாள். நானும் நின்றேன். நிமிர்ந்தபோது முன்னால் போன முதுகு இல்லை.

நீளமாக ஒரு விசில் கேட்டது. பதில் சொல்ல என் விசிலை வாயில் வைத்து ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. உள்ளே உருளுகிற குண்டு ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டினேன், உதறினேன். அதற்குள் எங்களுக்கு இடதுபக்கத்திலிருந்து குட்டையாக இரண்டு ஊதல் கேட்டது.

"யாருடி அது ஊதறது?" என்றாள்.

"தெரியல. நாமதானே கடைசி?"

"நாமதான்."

திரும்பவும் நீள விசில். இந்தத் தடவை வலதுபக்கத்திலிருந்து வந்தது. மிஸ் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து அதை நோக்கி நடந்தோம். அவள் முன்னால் போனாள். நான் ஒன்றைக் கவனித்தேன். இத்தனை பேர் நடந்து போயிருந்தால் தரையில் தடம் இருக்க வேண்டும். இல்லை. வெடித்த பாளங்கள் ஒன்றுகூட நொறுங்காமல் கிடந்தன. அதைச் சொல்ல நான் வாய் திறப்பதற்குள் காலடியில் பாளங்கள் அசைய ஆரம்பித்தன, பாலில் ஆடை அசைவதுபோல.

"நில்லுடி" என்றேன்.

அவள் நின்றுதான் இருந்தாள். முழங்கால் வரை உள்ளே போயிருந்தாள்.

"கால் வரல" என்றாள், ஏதோ பஸ் வரவில்லை என்பதுபோல.

இன்னொரு காலை இழுக்கப் பார்த்து இடுப்புவரை இறங்கிவிட்டாள். சேறு சத்தமே போடவில்லை. நான் குப்புறப் படுத்துக்கொண்டு தாவணியை உருவி அவள் பக்கம் வீசினேன். நுனி அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் விழுந்தது. அவள் எடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தலையைத் திருப்பித் தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து நீள விசில் வந்தது. மிக அருகில். ஊதுகிறவர் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டுவிடும் என்கிற அளவுக்கு அருகில். அங்கே ஆள் நிற்க முடியாது. அது தண்ணீர்.

நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அப்போதுதான் அவள் கை நீண்டு தாவணியைப் பிடித்தது.

பின்னால் இரண்டு ஊதல். திரும்பிப் பார்த்தேன். பனிக்குள்ளிருந்து ஒரு கிழவர் வந்தார். பழைய காக்கிக் கோட்டு, கீழே வேட்டி, கழுத்தில் விசில், கையில் ஆளுயரத் தடி.

"அந்தப் பக்கம் போவக் கூடாது" என்றார். கோபமாக அல்ல, அறிவிப்பதுபோல. தடியை நீட்டிச் சேற்றின்மேல் படுக்க வைத்தார். "இது மேல மார வெச்சுப் படும்மா. கால உதைக்காத." நான் தாவணியையும் அவர் தடியையும் சேர்த்து இழுக்க, அவள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு ஷூ உள்ளேயே போய்விட்டது.

அவள் எழுந்து உட்காருவதற்குள் அவர் எங்கள் முன்னால் விறைப்பாக நின்றார்.

"எந்தப் பக்கத்திலிருந்து வர்றீங்க?"

எனக்குப் புரியவில்லை. "மில்லுலருந்து" என்றேன்.

"ஊர் எது? பேப்பர் இருக்கா?"

"வில்லியனூர். இவ மண்ணாடிப்பட்டு."

அவர் முகம் இளகியது. "அப்ப நம்ம பக்கந்தான். போலாம்" என்று முன்னால் நடந்தார். நடக்கிறபோதே திரும்பித் திரும்பித் தண்ணீர்ப் பக்கம் பார்த்தார். ஒருமுறை நின்று, அந்தப் பக்கம் நோக்கி இரண்டு ஊதினார். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பதில் வரவில்லை. மேலே நடந்தார்.

கரையில் ஏறியபோது எங்களைத் தேடிக்கொண்டு மிஸ்ஸும் மற்றவர்களும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். தோழியின் கோலத்தைப் பார்த்து மிஸ் ஓடி வந்து அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ரெண்டு ரெண்டா ஊதிக்கிட்டேதானே இருந்தே? அதனாலதான் நான் நிக்காமப் போனேன்."

"என் விசில் ஊதவே இல்ல மிஸ்."

"நான் ஊதினேம்மா" என்றார் கிழவர். "அவன் கூப்பிட்டா நான் பதில் குடுக்கணும்."

"நீங்க எங்களத் தண்ணிப் பக்கம் கூப்பிட்டீங்களே மிஸ்" என்றேன்.

மிஸ் என்னையே பார்த்தார். "நான் கிளம்பினதும் ஒரு தடவ ஊதினேன். அப்புறம் ஊதவே இல்ல. உன் சத்தந்தான் வந்துக்கிட்டே இருந்துதே."

பனி மெலிந்துகொண்டு வந்தது. ஒரு பெண் கையில் துண்டோடு கரைமேல் வேகமாக வந்தாள். கிழவரின் மருமகள். அவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே எங்களிடம் சொன்னாள்.

"பனி எறங்குனா இவர வூட்ல நிறுத்த முடியாது. பிரெஞ்சுக்காரன் காலத்துல இங்க எல்லையில காவல் இருந்தாரு. எல்லையே போயிடுச்சி, இவருக்கு மட்டும் போவல. வெயில் வந்துட்டா செரியாயிடுவாரு. இன்னா செய்யறது."

அவள் வீட்டில் தோழிக்குக் குளிக்கத் தண்ணீரும் ஒரு பழைய புடவையும் கொடுத்தாள். எங்கள் எல்லோருக்கும் காபி போட்டாள். வாசலில் வெயில் விழுந்தபோது கிழவர் முற்றிலும் வேறு ஆளாக இருந்தார். எங்களைப் பார்த்து எந்தக் காலேஜ், எப்போது வந்தீர்கள் என்று புதிதாக விசாரித்தார். ஏரியில் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. நான்தான் விடாமல் கேட்டேன், கூப்பிடுகிறவர் யார் என்று.

"ராத்திரி பாராவுல ரெண்டு பேர் இருப்போம். நான் கரைப் பக்கம், அவன் தண்ணிப் பக்கம். அவன் நீளமா ஊதுவான், நான் ரெண்டு குடுப்பேன்."

"அவர் இறந்துட்டாரா?" என்று கேட்டாள் தோழி. எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி அது.

கிழவர் சிரித்தார். "அவனுக்கு இன்னா. பிரான்சுல இருக்கான். மவனோட. போன மாசம்கூடப் போட்டோ அனுப்பிச்சான்." மருமகளும் தலையாட்டினாள். மாடத்திலிருந்து போட்டோவை எடுத்துக் காட்டினாள். கம்பளிக் கோட்டும் குல்லாயுமாக ஒரு தடித்த மனிதர், பனி மூடிய மரத்தடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

செத்துப்போனவர் என்று சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது. அழுவதா, பயப்படுவதா என்றாவது தெரிந்திருக்கும். மிஸ் அது எதிரொலியாக இருக்கும் என்றார். மில் சுவரில் பட்டுத் திரும்பியிருக்கும் என்றார். மில் எங்களுக்குப் பின்னால், வெகுதூரத்தில் இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

மிஸ் பயணத்தை நிறுத்தவில்லை. மருமகளின் செருப்பைப் போட்டுக்கொண்டு தோழியும் நடந்தாள். மடுகரையில் ஒரு புளியமரத்தடியில் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். அவள் நன்றாகவே சாப்பிட்டாள். பஸ்ஸில் தூங்கினாள். செருப்பையும் புடவையையும் அடுத்த வாரமே பெரியப்பா மூலமாகத் திருப்பி அனுப்பிவிட்டோம். கல்லூரியில் இதைப் பலமுறை கதையாகச் சொல்லிச் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் நான் தாவணி வீசிய இடம் வரும்போது மட்டும் அவள் வேறெங்கோ பார்ப்பாள்.

கோடை விடுமுறைக்கு முந்தைய மாலை, நாங்கள் இருவரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். மூலக்குளம் தாண்டியபோது, ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னாள்.

"நீ தாவணி போட்டது எனக்குத் தெரிஞ்சிதுடி."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"கை எட்டுச்சி. ஆனா எடுக்கணும்னு தோணல. கூப்பிடறாங்க, போவணும், அவ்ளோதான்னு இருந்துச்சி. கொஞ்சங்கூட பயமில்ல. வூட்டுக்குப் போற மாதிரி இருந்துச்சி." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இப்பதான் பயமா இருக்குது. தெனம் எங்க ஊர்ல எறங்கி, கொல்ல வழியா தனியா நடந்து போறனா, அப்ப நெனப்பு வருது. திரும்பவும் அந்த மாதிரி தோணிச்சின்னா இன்னா பண்றதுன்னு."

"வூட்ல சொன்னியா?"

"சொன்னா காலேஜ நிறுத்திடுவாங்க."

வில்லியனூரில் பஸ் நின்றது. எங்கள் கடைப் பையன்கள் எதிரே மூட்டை இறக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "எறங்கலியாம்மா?" என்றார். நான் மண்ணாடிப்பட்டுக்கு ஒரு டிக்கெட் கேட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அங்கே இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. இருபுறமும் ஆளுயரக் கரும்பு. அவள் முன்னாலும் நான் பின்னாலுமாக நடக்க ஆரம்பித்தோம். கொஞ்ச தூரம் போனதும் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வரப்பு ஒருவர் நடக்கத்தான் காணும். இடித்துக்கொண்டும் சறுக்கிக்கொண்டும் வீடுவரை அப்படியேதான் போனோம்.