வாடை எதுவும் இல்லை

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குப் புவியியல் எடுக்க வந்த டீச்சர் ஆலங்காயத்துக்காரர், மலையோரத்தில் வளர்ந்தவர். மண்ணைப் புத்தகத்தில் படித்தால் போதாது, தோண்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை காலை வகுப்புப் பெண்கள் முப்பது பேரையும் ஆம்பூர்ப் பாலாற்றுக்கு நடத்திக் கூட்டிப்போனார். ஆற்றில் தண்ணீர் இருக்காது என்பதால் எந்த வீட்டிலும் தடை சொல்லவில்லை.

இடுப்பளவு குழி வெட்டினோம். மேலே மணல், அதற்குக் கீழே விரற்கடை அளவு நீலம் பாய்ந்த களிமண், அடியில் கூழாங்கல். கூழாங்கல் ஆறு ஓடிய காலத்தது, மேலே வர வர நம் காலம் என்றார் டீச்சர். ஒவ்வொரு அடுக்குக்கும் நிறம், பருமன், வாடை என்று மூன்று கட்டம் போட்டு எழுதச் சொன்னார். நீலம் எப்படி வந்தது என்று கேட்டதும் நான் முந்திக்கொண்டேன். எங்கள் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில், தோலை மருந்தில் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டுகிறவர். அந்த மருந்தேறி அவர் கால் நகமெல்லாம் அதே நிறம்தான். அதைப் பெருமையாகவே சொன்னேன்.

வாடைக் கட்டத்தில்தான் வம்பு வந்தது. முப்பது பேரும் 'இல்லை' என்று எழுதியிருந்தோம். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி எழுதிவிட்டோம் என்று நினைத்த டீச்சர், களிமண்ணைக் கையில் அள்ளி மறுபடி முகரச் சொன்னார். முகர்ந்தோம். ஒன்றுமே இல்லை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற அவரைப் பார்த்து எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மண்ணைத் தாண்டித்தான் தண்ணீர் கீழே இறங்குகிறது என்று காட்டுவதற்காக, அவரவர் வீட்டுத் தண்ணீரையும் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லியிருந்தார். என்னுடையது ஆற்றோரத்து எங்கள் வீட்டு போர் தண்ணீர். திறந்தவர் சட்டென்று மூடினார்.

"இத யாரும்மா குடிக்கிறாங்க?"

"எல்லாரும்தான் மிஸ். தங்கச்சிப் பாப்பாக்கு மட்டும் நல்லாக் காய்ச்சிக் குடுப்போம்."

பொறுப்பான பதில் என்று எனக்கே நிறைவாக இருந்தது. டீச்சர் எங்கள் வீடு எந்தத் தெரு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். காய்ச்சினாலும் தண்ணீரில் இறங்கிய ஷாப் மருந்து போகாது, பாப்பாவுக்குக் கொடுக்கவே கூடாது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். முனிசிபாலிட்டிக் குழாய் எங்கள் தெருவுக்கு வந்திருக்கவில்லை. அக்கம்பக்கத்து போர்களும் இதே தண்ணீர்தான்.

"சரிங்க மிஸ். வேற எந்தத் தண்ணியக் குடிக்கிறது? நீங்களே சொல்லுங்க."

டீச்சர் அம்மா போட்டுத் தந்த டீயைத் தொடாமலே போய்விட்டார். அம்மாவுக்கு அது மனத்தாங்கல். எனக்கோ ஒரே குஷி. டீச்சருக்கே பதில் தெரியாத கேள்வியை அப்பா கேட்டுவிட்டார் என்று திங்கட்கிழமை வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் எங்களை எங்கும் கூட்டிப்போகவில்லை.

படிப்பு, வேலை என்று இப்போது கோவையில் இருக்கிறேன். போன தீபாவளிக்கு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் குமட்டிக்கொண்டு வந்தது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினேன். கூட்டிப்போக வந்திருந்த தங்கை இப்போது ஆறாம் வகுப்பு. என்னைப் பார்த்து, பழுப்பேறிய பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"இன்னாக்கா ஆச்சு? ஒரு வாடையும் இல்லியே."