நிறைமாசமும் கடைசிப் பேப்பரும்

செமஸ்டர் பரீட்சை நெருங்கிட்டா எங்க காலேஜுக்கே ஒரு பைத்தியம் பிடிக்கும். வருசம் பூரா கேன்டீன்ல கிடந்த பசங்க, திடீர்னு லைப்ரரி எந்தப் பக்கம்னு விசாரிப்பானுங்க. ஜெராக்ஸ் கடையில நிக்க இடம் இருக்காது. நான் அரியலூர்லேருந்து பெரம்பலூருக்கு தினமும் பஸ்ல போய்ப் படிச்சவ. சிமெண்ட் லாரிக்குப் பின்னாடி பஸ் ஊர்ந்து ஊர்ந்து போறதுக்குள்ள ஒரு யூனிட்டைப் படிச்சு முடிச்சுடலாம், இறங்குறதுக்குள்ள மறந்தும் போயிடலாம். நான் ரெண்டையும் தவறாம செஞ்சேன்.

ஆனா கடைசி செமஸ்டர்ல எங்க கிளாஸுக்கே இருந்த கவலை வேற. என் பெஞ்சுத் தோழி நிறைமாசமா இருந்தா. ரெண்டாம் வருச லீவுலேயே அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. புருசன் சிங்கப்பூர்ல. அவளோட அம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறவங்க, லீவு போட்டுப் பாத்துக்க முடியாது. அதனால பிரசவமும் அரும்பாவூர்ல மாமியார் வூட்டோடதான்னு பேசியாச்சு. டாக்டர் சொன்ன தேதியும் எங்க கடைசிக் கணக்குப் பேப்பரும் ஒரே வாரத்துல வந்து நின்னுச்சு.

"பரீட்சை எங்கயும் ஓடிப்போயிடாது, அடுத்த தடவை எழுதிக்கலாம்"னுட்டாங்க மாமியார். "புள்ள பொறந்தப்புறம் அடுத்த தடவைன்னு ஒண்ணு வரவே வராது அத்தை. ஒரு பேப்பர் நின்னாலும் நான் டிகிரி இல்லாதவதான்"னு இவ அழுதிருக்கா. ரெண்டு நாள் வூட்டுல பேச்சுவார்த்தையே இல்லையாம். கடைசியில மாமியார் ஒரு கண்டிஷன் போட்டாங்க: வலின்னு வந்தா, பேனாவைப் போட்டுட்டு அந்த நிமிசமே எழுந்துடணும். இவளும் தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலையாட்டிட்டு வந்துட்டா.

மாமியார் வூட்டுல ஏற்கெனவே வளைகாப்பு போட்டு, ரெண்டு கை நிறைய கண்ணாடி வளையல் அடுக்கி அனுப்பியிருந்தாங்க. எங்களுக்கு அது போதுமா? ஸ்டடி லீவு விடுறதுக்கு முன்னாடி நாள் கிளாஸ் ரூம்லயே இன்னொண்ணு நடத்திட்டோம். பஸ் ஸ்டாண்டு கடையில வாங்கின பச்சை வளையல், அவங்கவங்க டப்பாவுல கொண்டு வந்த புளிசோறு, எலுமிச்ச சோறு, தயிர்சோறு. கன்னத்துல சந்தனம் பூசுறேன்னு மூஞ்சி பூரா பூசி வெச்சோம். பசங்க ஒரு வளையல் கூட வாங்கல. "நாங்க தாய்மாமனுங்க"ன்னு சொல்லிக்கிட்டு எல்லா டப்பாவையும் காலி பண்ணிட்டானுங்க. சிரிச்சு சிரிச்சு அவளுக்கு மூச்சு வாங்க, "போதும்டி, இங்கயே பெத்துடுவேன்"னா. அன்னிக்கு மாதிரி நான் காலேஜ்ல சந்தோசமா இருந்ததே இல்ல.

முதல் பரீட்சையில அந்த வளையல் எல்லாம் வேலையைக் காட்டுச்சு. ஹால் நிசப்தமா இருக்க, என் பின்னாடி சீட்டுலேருந்து சலக் சலக்குன்னு சத்தம். ஒரு பையன் எழுந்து, "மேடம், கவனமே நிக்க மாட்டேங்குது"ன்னு புகார் சொன்னான். எங்க ஹால் மேடம் சாதாரண ஆள் இல்ல, பென்சில் கீழ விழுந்தாலே முறைப்பாங்க. வளையலைக் கழட்டி வெச்சுட்டு எழுதச் சொன்னாங்க.

"புள்ள பொறக்குற வரைக்கும் கழட்டக்கூடாதுங்க மேடம்."

மேடம் அவளை ஒரு பார்வை பாத்துட்டு, அந்தப் பையன் பக்கம் திரும்பினாங்க. "ஏன்டா, நீ காதாலயா எழுதுற? உக்காரு."

அப்புறம் அந்தச் சத்தம் எல்லாருக்கும் பழகிடுச்சு. எனக்கோ பழகினது மட்டுமில்ல, அதை வெச்சே அவ எப்படி எழுதுறான்னு சொல்லிடுவேன். தெரிஞ்ச கணக்குன்னா வளையல் ஓடும். மறந்துட்டா நிக்கும். யோசிச்சு யோசிச்சு எழுதினா விட்டு விட்டுக் கேக்கும்.

கடைசிப் பேப்பர் அன்னிக்கும் நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. அப்புறம் நின்னுச்சு. சரி, ஏதோ ஸ்டெப்பு மறந்துட்டான்னு நெனச்சேன். திரும்பவும் ஓடுச்சு, திரும்பவும் நின்னுச்சு. நிக்கிறப்ப எல்லாம் மெதுவா ஒரு பெருமூச்சு. போகப் போக அந்த நிப்பாட்டல் சீக்கிரம் சீக்கிரம் வர ஆரம்பிச்சிடுச்சு. இது மறதி இல்லடின்னு புரிஞ்சு போச்சு. காப்பியடிக்கிறேன்னு நெனச்சாலும் நெனச்சுக்கட்டும்னு திரும்பிப் பாத்தேன். மேசை விளிம்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருந்தா.

"மேடம்! இவளுக்கு வலி வந்துடுச்சு!"

மேடம் ஓடி வந்தாங்க. "எப்பலேருந்தும்மா?"

"காலையிலேருந்து லேசா இருந்துச்சுங்க மேடம். வூட்டுல சொன்னா விடமாட்டாங்கன்னு சொல்லல." மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, "ஒரே ஒரு பெரிய கேள்விதான் பாக்கி. எழுதிட்டு வந்துடறேன்"னா.

அடிப்பாவி! எனக்குக் கோவம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். மேடம் போனை எடுத்து 108-க்குச் சொன்னாங்க. "வண்டி வர்ற வரைக்கும் எழுது. வந்ததும் ஒரு எழுத்துகூட கூடாது"ன்னுட்டு, மிச்சமிருந்த கொஸ்டின் பேப்பரை மடிச்சு அவளுக்கு விசிற ஆரம்பிச்சாங்க. எங்களைக் கண்டாலே முறைக்கிற மேடம்! என்னைப் பாத்து, "நீ ஏன் வாயைப் பொளந்துக்கிட்டிருக்க? எழுது"ன்னு ஒரு அதட்டல் வேற. அதுக்கப்புறம் நான் என்னத்தை எழுதினேன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. காதெல்லாம் பின்னாடிதான்.

வண்டிச் சத்தம் கேட் பக்கம் கேக்குறப்ப அவ கடைசி வரியை எழுதி முடிச்சுட்டா. அடிஷனல் ஷீட்டெல்லாம் சேத்து நூல் கட்ட அவ விரல் ஒத்துழைக்கல. மேடமே கட்டினாங்க. பக்கத்து ஹால் சாரைக் கூப்பிட்டு நிக்க வெச்சுட்டு, அவங்களே அவளோட வண்டியில ஏறிட்டாங்க.

பரீட்சை முடிஞ்சதும் நானும் கூட ரெண்டு பொண்ணுங்களும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மாமியாருக்கு எத்தனை தடவை அடிச்சும் போனை எடுக்கல. வெங்காயக் காட்டுல இருந்தாங்களாம், போன் வூட்டுல சார்ஜ்ல கிடந்திருக்கு. யாரோ போய்ச் சொல்லி, அவங்க பஸ் பிடிச்சு வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சுடுச்சு. குழந்தையும் பொறந்துடுச்சு. நர்ஸக்கா வந்து, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னு சொல்லவும், நாங்க மூணு பேரும் வராண்டான்னும் பாக்காம கட்டிப்பிடிச்சுக் குதிச்சோம்.

அப்பதான், நாங்க குதிக்கிறதைப் பாத்துக்கிட்டே மாமியார் படியேறி வந்தாங்க. காலெல்லாம் காட்டு மண்ணு, கையில துணிப்பை. எங்களுக்குக் குதிப்பு அடங்கிடுச்சு. நாங்க வாயைத் திறக்குறதுக்குள்ள, "வலி வந்ததும் எழுந்து வந்துட்டாளா?"ன்னு கேட்டாங்க.

போச்சுடா. கண்டிஷன். மத்த ரெண்டு பேரும் என் பின்னாடி ஒதுங்கிட்டாளுங்க. ஆனது ஆகட்டும்னு நான்தான் சொன்னேன்: "இல்லைங்கம்மா. முடிச்சுட்டுத்தான் வந்தா."

"முழுசா எழுதிட்டாளா?"

"எல்லாக் கேள்வியும் எழுதிட்டாங்கம்மா."

பையைக் கீழ வெச்சுட்டு, சுவத்தோரம் அப்படியே உக்காந்துட்டாங்க. "அப்பாடி! நான் போட்ட கண்டிஷனைக் கேட்டுக்கிட்டு பாதியில எழுந்துட்டாளோ, எழுந்துட்டாளோன்னு பஸ்ல வர்ற வழியெல்லாம் எனக்கு உசுரே இல்ல." முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம்தான் எங்களை நிமிந்து பாத்து, "சரி, என்ன புள்ள?"ன்னு கேட்டாங்க.