கூரை போடாத கோயிலில் பெரியப்பா

பெரியப்பா இறந்த அன்று மதியம் பெரியம்மா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். கட்டடத்திலிருந்து ஓடி வந்த ஆள் வாசலில் நின்று, சாரம் சரிந்துவிட்டது, அண்ணன் விழுந்துவிட்டார் என்றான். அவள் கையிலிருந்த அரிசி முழுவதையும் போட்டாள். அகப்பையால் ஒரு முறை கிளறி, பானையை மூடினாள். பிறகுதான் எழுந்து அவன் பின்னால் நடந்தாள். ஓடவில்லை. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது சோறு குழைந்து அடியில் பிடித்திருந்தது என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. பெரியப்பாவின் முகம் சரியாக நினைவில்லை.

என் அம்மா பிரசவத்தில் போய்விட்டதால் அவள் அக்காவான பெரியம்மாதான் என்னை வளர்த்தாள். மலாய் நாட்டில், மூவாருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவளும் பெரியப்பாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார்கள். ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்தில் ஆட்களைக் குறைத்து, பலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பெரியப்பா போகமாட்டேன் என்று எங்களை அழைத்துக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு வந்துவிட்டார். அங்கே அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட பழைய கிறிஸ்தவக் கோயிலை இடித்துவிட்டு, சிமெண்டும் இரும்புக் கம்பியும் வைத்துப் புதிதாக ஒன்று எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரிக் கட்டடத்தை எங்களில் யாரும் அதற்கு முன் கிட்டத்தில் பார்த்ததில்லை. பெரியப்பாவுக்கு அங்கே வேலை கிடைத்தது. "இந்தச் செவத்துல ஆணி எறங்காது, பாத்துக்க" என்று சுவரைத் தட்டித் தட்டிக் காட்டுவார்.

வேலையாட்கள் சாரப் பலகைகளை அறுத்துச் சவப்பெட்டி செய்தார்கள். பெரியம்மா சாமியாரிடம் போனாள். அவர் பிரெஞ்சுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"அவரைப் புதுக் கோயிலுக்குள்ள வச்சு எடுக்கணும் சாமி."

"கூரைகூட இல்லையே அம்மா. இன்னும் மந்திரித்துப் புனிதமாக்கவும் இல்லை. அங்கே பூசை வைக்க எனக்கு உத்தரவு கிடையாது. பள்ளிக்கூடக் கொட்டகையில் வைப்போம்."

"பூசை வேணாம் சாமி. அவரு கட்டின செவத்துக்குள்ள சித்த நேரம் இருக்கட்டும். அப்புறம் எங்க வேணும்னாலும் கொண்டு போங்க."

பக்கத்தில் நின்ற சீனத் தலைமைக் கொத்தனாருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் பெரியம்மாவையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, "போலே, போலே" என்று மலாயில் சொன்னார். ஆகட்டும் என்று அர்த்தம். தானே போய் மணல் வண்டியை ஓரமாக இழுத்து விட்டார். அவருடைய ஆட்கள் கம்பிகளை அள்ளி வழி செய்தார்கள். ஒரு தூணை ஒட்டிப் பெட்டியை இறக்கினார்கள். தமிழர், சீனர் எல்லாரும் தலைத்துணியை எடுத்துவிட்டு நின்றார்கள். கதவு வைக்காத வாசலில் வெகுநேரம் நின்ற சாமியார், கடைசியில் உள்ளே வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அந்தக் கட்டடத்துக்குள் விழுந்த முதல் தீர்த்தம் அதுதான்.

பெரியம்மா அழவில்லை. கல்லறையிலும் அழவில்லை. கப்பலுக்கு ஆள் சேர்க்கிற கிராணி என்கிற குமாஸ்தா கொஞ்ச நாளில் எங்களைத் தேடி வந்தார். "பொம்பள ஆளு, சின்னப் பிள்ளையை வச்சிக்கிட்டு இங்க எப்படிப் பொழைப்பீங்க? ஊருக்குப் போயிருங்கம்மா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பெரியம்மா, "அவரு இங்கதான இருக்காரு" என்றாள். விலாசம் கேட்டவருக்கு விலாசம் சொல்வது போலிருந்தது அது. அடுத்த வாரமே அதே கட்டடத்தில் மணல் சுமக்கப் போனாள். சாரம் சரிந்த இடத்தைத் தாண்டித்தான் தினமும் நடந்தாள். குழாயடிப் பெண்கள் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒருநாள் தலை பின்னிவிடும்போது கேட்டேன்.

"நீங்க ஏன் பெரியம்மா அழல?"

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. "வரும்னுதான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன். வரலையே" என்றாள். மறுபடி பின்னினாள். அதில் துக்கமில்லை. கடைக்கு வராத சாமானைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அவளைத் தைரியசாலி என்று சில வருடங்கள் நினைத்தேன், கல் என்று சில வருடங்கள். இரண்டும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. என்னவென்று சொல்ல வார்த்தை இல்லை.

கோயில் முடிந்து, மேற்றிராணியார் என்கிற ஆயர் வந்து மந்திரித்த நாளிலிருந்து பெரியம்மா அந்தத் தூணருகில்தான் உட்கார்ந்தாள். சாகும்வரை அந்த இடத்தை மாற்றவில்லை. அவளுக்கு முழுப் பூசை நடந்தது, கூரைக்குக் கீழே, மெழுகுவத்தியும் பாட்டுமாக. அன்று நான் அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தக் கோயிலைப் பேராலயமாக உயர்த்தியிருக்கிறார்கள். பீடத்தருகே ஆயருக்கென்று இருக்கை போட்டாயிற்று. விழாவில் கோயில் வரலாற்றை வாசித்தார்கள். நிலம் தந்தவர், கட்டட வரைபடம் போட்டவர், முதல் பூசை வைத்தவர் என்று பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த பெண் என் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க ரொம்ப நாளா இங்க வர்றீங்களா?"

"கூரை போடறதுக்கு முன்னாடியே வந்திருக்கேன்."

"அலமாக்! மழை பெஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று வியந்து சிரித்தாள்.

"அன்னைக்கு மழை இல்லம்மா" என்றேன். "நல்ல வெயில்."