கருத்தப்பாண்டியின் ஸ்டார்ட்டர் பெட்டி

வத்திராயிருப்பு வட்டாரத்தில் கரண்டுக்கும் எனக்கும் உள்ள நெருக்கம் வேறு யாருக்கும் கிடையாது. நான் ஒரு தும்மல் போட்டால் எங்கள் ஊர் மகாராஜபுரம் டிரான்ஸ்பார்மரில் பீஸ் போகும். கரண்ட் ஆபீசுக்குப் புதிதாக வருகிற பொறியாளர்கள், முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவித்துவிட்டு, நேராக என் வீட்டு வாசலுக்கு வந்து ஓம் விதியை ஒப்பித்துக் காட்டிய பிறகுதான் நாற்காலியில் உட்காருவார்கள். இதில் முக்கால்வாசி பொய். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தினேன், அது நிசம். பொறியாளர் ஒருவர் வந்ததும் நிசம். மீட்டரைப் பார்க்க வந்தவர், மோர் குடித்துவிட்டுப் போனார்.

இனிமேல் எழுதப்போவது கருத்தப்பாண்டியைப் பற்றி. எனக்கு அடுத்த வீடு. அவன் பெண்டாட்டி அங்காளம்மாள் இதோ பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுகிறவள், அதனால் அவளுக்கு எல்லாம் கேட்கும்.

"அத்தை, எங்க வீட்டுக் கதையிலயும் அளந்துறாதீக" என்கிறாள்.

"ஏட்டி, நான் எப்போடி அளந்தேன்?"

"மொத வரியில" என்கிறாள்.

கருத்தப்பாண்டி பட்டாளத்தில் ஜெனரேட்டர் பார்த்தவன். பனிமலையில் ஏதோ ஒரு முகாம். என்ன ஊர் என்று கேட்டால், "சித்தி, அங்க ஊருக்குப் பேரு வைக்கிறதுக்குக்கூட ஆளு கெடையாது" என்பான். அந்த முகாமில் அவனோடு இருந்த ஒரு வடக்கத்திச் சிப்பாய், குளிர் பொறுக்காமல் கூடாரத்துக்குள் ஹீட்டர் மேல் ஹீட்டராகச் சொருகினான். பாரம் தாங்காமல் சுவிட்ச் தானாக விழுந்தது. தூக்கிவிட்டான். மறுபடி விழுந்தது. சலித்துப்போய், அந்த சுவிட்சையே ஒதுக்கிவிட்டு வயரை நேராக முறுக்கிவிட்டுப் போர்வைக்குள் போய்ப் படுத்தான். கூடாரம் பற்றியது. உள்ளே புகுந்து அவனை இழுத்து வந்தது கருத்தப்பாண்டிதான். இழுத்து வந்தது உடம்பை மட்டும். கருத்தப்பாண்டியின் இடது முன்கையில் தோல் இன்றும் அப்பளம் மாதிரிச் சுருங்கியிருக்கும்.

"விழுற சுவிட்சு நம்ம ஆளு சித்தி" என்பான். "என்னமோ தப்பா நடக்குன்னு அது நமக்குச் சொல்லுது. அது வாயக் கட்டக் கூடாது."

ஓய்வு பெற்று வந்தவன், மலையடிவாரத்தில் அப்பன் விட்டுப்போன நிலத்தில் தென்னங்கன்று வைத்தான். போர் போட்டு, நீர்மூழ்கி மோட்டார் இறக்கி, ஓடு வேய்ந்த ஒரு சின்ன மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியை மாட்டினான். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. அங்காளம்மாள் அந்தக் கன்றுகளுக்கு ஒவ்வொன்றாகப் பேர் வைத்தாள், திட்டுவதற்கு வசதியாக இருக்கும் என்று. கன்று மரமாகி, முதல் பாளை வெடித்த அன்று எங்கள் தெருவுக்கே கேசரி கிண்டினாள். அதில் முந்திரி குறைவு.

அடுத்த கோடையில்தான் சனி பிடித்தது.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஓவர்லோடு ரிலே என்று ஒரு சின்னச் சாமான் இருக்கும். மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால், அதற்குள் இருக்கிற தகடு சூடாகி வளைந்து, 'டக்' என்று மோட்டாரை நிறுத்திவிடும். இல்லாவிட்டால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற செம்புக் கம்பி, காயில் என்பார்கள், கருகிப்போகும். கம்பியில் வோல்ட்டேஜ் குறைந்தால் மோட்டார் கரண்டை அதிகமாக இழுக்கும். இதை வகுப்பில் நடத்தியபோது பாதிப் பிள்ளைகள் தூங்கினார்கள். அவர்கள்தான் வளர்ந்து இப்போது எங்கள் ஊர்த் தோப்புக்காரர்களாக இருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. புது ஸ்டார்ட்டர் வாங்கி வந்தால் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டுவார்கள். சூடம் அணைவதற்குள் மூடியைக் கழற்றி, ரிலேயின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவார்கள். 'டைரக்ட் போடுவது' என்று அதற்குப் பேர். அப்புறம் ரிலே எவ்வளவு சூடானாலும் மோட்டார் நிற்காது. கூடவே ஆட்டோ என்று இன்னொரு பெட்டி. தோப்புக்கு நாளில் சில மணி நேரமே வருகிற கரண்ட் வந்ததும் அதுவே மோட்டாரை ஓட்டிவிடும், ஆள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கலாம். ஒரு டிரான்ஸ்பார்மரில் தொங்குகிற அத்தனை மோட்டாரும் ஒரே நொடியில் எழுந்தால் கரண்ட் என்ன செய்யும்? முதல் பந்தியிலேயே சாம்பார் தீர்ந்துபோன கல்யாணம்தான். ரோட்டோரத்து மலைச்சாமி தோப்பு முதல் பந்தி. கம்பி போய் முடிகிற மலையடிவாரத்துக் கருத்தப்பாண்டி கடைசிப் பந்தி.

அவன் ஒருவன்தான் டைரக்ட் போடாதவன். அதனால் அவன் மோட்டார் ஒன்றுதான் நின்றது.

பகலில் கரண்ட் வந்ததும் பச்சைப் பொத்தானை அமுக்குவான். ஓடும். வாய்க்காலில் தண்ணீர் தலையை நீட்டும். டக். தகடு ஆறுகிற வரைக்கும் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து, மறுபடி அமுக்குவான். டக். காய்ந்த வாய்க்கால், வந்த தண்ணீரை முதல் வரிசைக்குப் போகவிடாமல் தானே குடித்துவிடும்.

அங்காளம்மாள்கூட ஒருநாள் சொன்னாள்: "ஊரு மோட்டாரெல்லாம் ஓடுது, நம்ம மோட்டாரு மட்டும் புதுப்பொண்ணு மாதிரி தொட்டதுக்கெல்லாம் கோவிச்சிக்கிட்டு நிக்குது."

"அதச் சொன்னது நான் இல்ல, மலைச்சாமி அண்ணன்" என்கிறாள் இப்போது, கீரையிலிருந்து தலையைத் தூக்காமல். சரி, மலைச்சாமி.

சித்திரை பிறந்ததும் மரங்களில் பிஞ்சுக் குரும்பை உதிர ஆரம்பித்தது. இன்னும் ஒரு மாதம் மரத்துக்குத் தண்ணீர் கிடைத்தால் பிழைக்கும். கிடைக்காவிட்டால் தோப்பு போய்விடும். கருத்தப்பாண்டி டிரான்ஸ்பார்மருக்கு அடியில் எல்லாத் தோப்புக்காரர்களையும் கூட்டினான். நானும் போனேன், என்னை யாரும் கூப்பிடவில்லை.

"எல்லாரும் அந்த வயர் துண்ட உருவிருங்க, ஆட்டோவ அணைச்சிருங்க. முறை வச்சு ஓட்டுவோம். வோல்ட்டேஜ் நிக்கும், யாரு மோட்டாரும் கருகாது" என்றான்.

மலைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏ மாப்ள, இது என்ன பட்டாளமா, விசிலடிச்சா வரிசையில நிக்கதுக்கு?"

"பட்டாளமா இருந்தா, உம்ம தொப்பைக்கு வரிசையில எடமே குடுத்திருக்க மாட்டாவ மாமா."

எல்லாரும் சிரித்தார்கள், மலைச்சாமியும்தான். சிரிப்போடு சிரிப்பாக ஒத்துக்கொண்டார்கள். மாரியம்மன் மேல் சத்தியம். முதல் முறை கடைசித் தோப்புக்கு என்று மலைச்சாமியே சொன்னார். கருத்தப்பாண்டி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்கு வருகிற வழியில் சீட்டியடித்தான். அவன் சீட்டியடித்து அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் மண்வெட்டியோடு போய்க் காத்திருந்தார்கள். கரண்ட் வந்தது. அவன் பொத்தானில் விரலை வைப்பதற்குள் கிழக்கே ஒரு மோட்டார் உறுமியது. அதற்குப் பக்கத்தில் ஒன்று. அப்புறம் தோப்புத் தோப்பாக அத்தனையும், தேர் கிளம்புகிற மாதிரி. அவனும் அமுக்கினான். டக்.

நேராக மலைச்சாமி தோப்புக்குப் போனான். அவர் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. "எல்லாரும் நிறுத்தயில நான் ஒருத்தன் ஓட்டுனா என்ன கொறஞ்சிரப் போவுதுன்னு நெனச்சேன் மாப்ள" என்றார்.

"அம்புட்டுப் பேரும் அதத்தான் நெனச்சிருக்கியோ."

"அப்ப என்னைய மட்டும் ஏன் கேக்க?"

அன்று மாலை என்னிடம் வந்து உட்கார்ந்தான். "எதிரின்னா சுட்டுட்டுப் போயிரலாம் சித்தி. இவிய எல்லாம் சொந்தக்காரவியளா இருக்காவளே." நான் கரண்ட் ஆபீசில் சொல்லிப் பார்க்கலாம் என்றேன். ஏற்கெனவே போய்ச் சொல்லியிருந்தான். வந்து பார்க்கிறோம் என்றார்களாம். வயர் துண்டை உருவ வருகிற ஆளுக்கு ஊருக்குள் சோறு தண்ணீர் கிடைக்காது என்பது அவர்களுக்கும் தெரியும்.

அந்த வாரக் கடைசியில், நட்டநடு மத்தியானம். தோப்பில் நடந்தால் உதிர்ந்த குரும்பைகள் காலடியில் நொறுங்கின. அங்காளம்மாள் பின்னாலேயே வந்தாள். அவன் மோட்டார் ரூமுக்குள் போனான். பெட்டியைத் திறந்து, ஒரு துண்டு வயரைச் சீவி, இரண்டு முனைகளையும் சேர்த்து முடுக்கினான். மூடியைப் போட்டான். பச்சையை அமுக்கினான்.

ஓடியது. நிற்கவே இல்லை.

தண்ணீர் முதல் வரிசைக்குப் போனது, அடுத்த வரிசைக்குத் திரும்பியது. அங்காளம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மடை மாற்றினாள். ஒவ்வொரு மரத்தையும் பேர் சொல்லித் திட்டி, "குடி, குடிச்சித் தொலை" என்றாள். கருத்தப்பாண்டி வாய்க்காலுக்குள்ளேயே நின்றான், கணுக்கால் நனைய.

பாதித் தோப்பு தாண்டியதும் சத்தம் மாறியது. அங்காளம்மாளுக்கே கேட்டது. வாழ்நாளெல்லாம் ஜெனரேட்டர் சத்தத்தோடு குடும்பம் நடத்தியவனுக்குக் கேட்காமல் இருக்குமா?

"ஏங்க, உறுமல் கனக்குதே."

"தெரியும்."

"அணைங்க."

"செத்த நேரம். அந்த மேக்கு வரிசைக்கு மட்டும் போயிரட்டும்."

"ஏங்க, நாலெட்டுல பெட்டி இருக்கு. நான் போயி அணைக்கட்டுமா?"

"நில்லு அங்காளு" என்றான். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, தண்ணீரின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது சருகை முட்டித் தள்ளிக்கொண்டு மேற்கு வரிசைக்குத் திரும்பப் போனது. திரும்பவில்லை. குழாயில் தண்ணீர் கயிறு மாதிரி மெலிந்து, இருமி, நின்றது. மோட்டார் ரூமிலிருந்து கருகல் வாடை வந்தது. அவன் நடந்து போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினான். நின்றுபோனதை எதற்கு நிறுத்தினானோ.

போர்க்குழாய்க்கு மேல் மூன்று கம்புகளை முக்காலியாக நட்டு, செயின் போட்டு மோட்டாரை மேலே தூக்கி, ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காயில் கட்டுகிற பாண்டிச்செல்வம் கடையில் கால் வைக்க இடமில்லை. சுவர் ஓரமெல்லாம் கருகிய மோட்டார்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிகள் கிடக்கிற மாதிரிக் கிடந்தன. பாண்டிச்செல்வம் காயிலைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். வருகிறவர்களிடமெல்லாம் 'மகாராஜபுரத்துப் பட்டாளத்தாரப் பாருங்க, அவரு மோட்டாரு இங்க வந்ததே கெடையாது' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்.

"நீங்களுமா அண்ணாச்சி?" என்றான்.

கருத்தப்பாண்டி சுவரோரம் கிடந்த மோட்டார்களை எண்ணினான். எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டான். முன்னால் கிடக்கிறதெல்லாம் முடிந்த பிறகு என்றான் பாண்டிச்செல்வம். மலைச்சாமியின் மோட்டாரும் அதில் ஒன்று. அவருக்கு வீட்டில் இன்னொரு மோட்டார் இருந்தது.

மோட்டார் திரும்பி வந்தபோது வைகாசி போய்விட்டது. கருத்தப்பாண்டி அந்த வயர் துண்டு இல்லாமல் மாட்டினான். அமுக்கினான். ஓடியது. டக். பழையபடி.

ஓலைகள் முதலில் மடிந்து மரத்தோடு ஒட்டிக்கொண்டன, நனைந்த கோழி இறக்கையை மடக்குகிற மாதிரி. அப்புறம் கொண்டைகள் சாய்ந்தன. முதலில் போனது மேற்கு வரிசை. தண்ணீர் குடித்த வரிசைகளும் பின்னாலேயே போயின. ஒரே ஒரு நாள் குடித்த தண்ணீர் எத்தனை நாளைக்குக் காணும்? மழை வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். மொட்டை மரங்களின் மேல் வந்தது. செங்கல் காளவாசல்காரர்கள் லாரி கொண்டுவந்து அறுத்துப்போனார்கள். அறுத்த அன்றைக்கு மலைச்சாமி வந்து லாரியில் ஏற்றிவிட ஒரு கை கொடுத்தார். நல்ல மனுசர்தான். அதை எழுதாவிட்டால் பாவம் எனக்கு வரும்.

இதை இப்படியே முடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆகையால் கேளுங்கள். கருத்தப்பாண்டி இப்போது ராஜபாளையத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல்காரன். அங்கே வோல்ட்டேஜுக்குப் பஞ்சமில்லை. காலையில் அவன் சுவிட்சைத் தட்டினால் மோட்டார் பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டு ஓடும், ஒருநாளும் நின்றதில்லை. மொட்டைமாடித் தொட்டி நிறைந்து வழியும். அந்த வழிகிற தண்ணீரை வீணாக்காமல் காம்பவுண்டுச் சுவரோரம் ஒரு தென்னங்கன்று வைத்திருக்கிறான், அது இப்போது இடுப்பளவுக்கு வந்து…

அங்காளம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அந்தக் கன்ன அடிச்சிருங்க. கன்னெல்லாம் ஒண்ணும் கெடையாது. மோட்டார் போடுறதுக்கு அங்க வேற ஆளு. சுவிட்சத் தொட மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் அவிய வேலைக்கே சேந்தாவ. கேட்டத் தொறந்து மூடுதாவ, அம்புட்டுத்தான். இங்க வீட்டுக்கு வந்தாலும், இருட்டுல உக்காந்திருப்பாவ. லைட்ட நான்தான் போடணும்."